சங்கிலி போட்டாச்சா?

வெல்டர்: ...சரி, ஃபியூஸைப் புடுங்கியாச்சு. பூட்டு?

ஃபிட்டர்: சுவிட்சுல என் பூட்டும் தொங்குது, உன் பூட்டும் தொங்குது. உன் சாவி உன் பையில, என் சாவி என் பையில. இன்னும் என்ன, சத்தியம் பண்ணணுமா?

வெல்டர்: உள்ள போறது நான். கேக்கத்தான் செய்வேன். சங்கிலி போட்டாச்சா?

ஃபிட்டர்: பாய்லர் ஃபேன் புல்லியில சுத்தி, கொக்கியை அடிச்சட்டத்துல மாட்டியாச்சு.

வெல்டர்: இழுத்துப் பாத்தீங்களா?

ஃபிட்டர்: தொங்கியே பாத்தேன். ஏன் மாப்ள, கரண்டே இல்லாத ஃபேனுக்கு இவ்வளவு பயமா?

வெல்டர்: கரண்ட் இல்லைன்னு சிம்னிக்குத் தெரியுமா? பக்கத்து பாய்லர் ஓடிட்டு இருக்கு. காத்தை அடைக்கிற தகடு வேற சரியா மூடாது. காத்து இழுப்பு வந்துச்சுன்னா, ஆள் உயரச் சக்கரம் தானாச் சுத்தும். நான் பிளேடுக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவுல படுத்திருப்பேன்.

ஃபிட்டர்: தெரியும்யா. அதுக்குத்தானே சங்கிலி.

வெல்டர்: அப்புறம்... மாப்ளன்னு கூப்பிடாதீங்க.

ஃபிட்டர்: அக்கா புருஷன் வேற எப்படிக் கூப்பிடுவான்?

வெல்டர்: வெல்டர்னு கூப்பிடுங்க. நான் உங்களை ஃபிட்டரேன்னு கூப்பிடல?

ஃபிட்டர்: ஒரு வருஷமா அதைத்தானே கேட்டுட்டு இருக்கேன். சரிங்க வெல்டர் சார்.

வெல்டர்: இன்னொரு ஆள் எங்க? வெளிய ரெண்டு பேர் நிக்கணும்ல?

ஃபிட்டர்: சாப்பிடப் போயிருக்கான். வந்துருவான்.

வெல்டர்: ம்... ஒரு விரிசல்தான். அவன் வரதுக்குள்ள முடிச்சிடறேன். விளக்கைக் கொடுங்க.

ஃபிட்டர்: இந்தா. சின்னக் கதவு, தலையைப் பாத்து... நான் புல்லிப் பக்கம் போய் நிக்கறேன். அங்கேருந்து உன்னைப் பாக்க முடியாது, குரல் கொடுத்துட்டே இரு.

வெல்டர்: கேக்குதா?

ஃபிட்டர்: கேக்குது. கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு.

வெல்டர்: உங்க கல்யாணத்துக்கு வரலைன்னுதானே என்னைக் கரியில படுக்க வெச்சிருக்கீங்க?

ஃபிட்டர்: வந்திருந்தா முதல் பந்தியில உக்கார வெச்சிருப்போம். வராதவனுக்குக் கரிதான்.

வெல்டர்: என்னைக் கேக்காம பண்ணின கல்யாணம்.

ஃபிட்டர்: கேக்கத்தான்யா உன் வீட்டு வாசல்ல வந்து நின்னேன். கதவைத் திறந்தியா நீ? கோவம் இருந்தா என் மேல இருக்கட்டும். அவ என்ன பாவம் பண்ணினா? தினமும்...

வெல்டர்: என்ன சத்தம் அது?

ஃபிட்டர்: ...

வெல்டர்: ஃபிட்டரே?

ஃபிட்டர்: ஒண்ணுமில்ல. ஸ்பேனர்... கீழ விழுந்துச்சு.

வெல்டர்: ...பெரிய ஸ்பேனரா?

ஃபிட்டர்: பெரிசுதான். நீ... வேலையை நிறுத்திட்டு வெளிய வா.

வெல்டர்: ஏன்?

ஃபிட்டர்: சூப்பர்வைசர் கூப்பிடறாரு.

வெல்டர்: அவர் லீவுல இல்ல?

ஃபிட்டர்: வந்துட்டாரு. அவசரமில்ல, மெதுவா வா. ஆனா வா.

வெல்டர்: கேபிளைச் சுருட்டிட்டு வரேன்.

ஃபிட்டர்: கேபிள் கிடக்கட்டும். நீ வா.

வெல்டர்: வரேன். கொஞ்ச நேரம் ஆகும். ...உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?

ஃபிட்டர்: எனக்கா? பீடி... குடிச்சுக் குடிச்சு.

வெல்டர்: அப்படியே இருங்க. இந்தப் பக்கம் வந்துடாதீங்க. ஒரே புகை.

ஃபிட்டர்: நான் எங்கயும் போகல.

வெல்டர்: நல்லது. ...ஏதாவது பேசிட்டே இருங்க.

ஃபிட்டர்: என்னத்தைப் பேச?

வெல்டர்: அக்கா... எப்படி இருக்கா?

ஃபிட்டர்: ...இப்பவா கேக்கற?

வெல்டர்: இப்பதான் கேக்கத் தோணுது. சொல்லுங்க.

ஃபிட்டர்: இருக்கா. சாயங்காலம் நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள கேப்பா... தம்பியைப் பாத்தீங்களான்னு. பாத்தேன்பேன். பேசினானாம்பா.

வெல்டர்: என்ன சொல்வீங்க?

ஃபிட்டர்: பேசினான்னுதான். நீ இதைச் சொன்ன, அதுக்குச் சிரிச்சன்னு... தினம் ஒண்ணு கட்டி விடுவேன். அவளும் நம்பற மாதிரி கேட்டுக்குவா.

வெல்டர்: உங்களுக்குப் பொய் நல்லா வருது.

ஃபிட்டர்: ...வந்துட்டியா?

வெல்டர்: இன்னும் இல்ல. தோல் ஏப்ரன் மாட்டியிருக்கு.

ஃபிட்டர்: மாட்டியிருக்கா? எதுல?

வெல்டர்: ஏதோ ஒரு போல்ட்டுல. நாடாவை அறுத்துட்டு வரேன். பதறாதீங்க.

ஃபிட்டர்: யார் பதறினா?

வெல்டர்: அதான் சொல்றேன். ...கல்யாணத்தன்னைக்கு அக்கா என்ன கலர் சேலை?

ஃபிட்டர்: தோள்... இல்ல, பச்சை. பச்சைதான். தம்பிக்குப் பிடிக்கும்னா. போட்டோ எடுக்கறப்போ எல்லாம் வாசலையே பாத்துட்டு நின்னா. ஒரு போட்டோவுலகூட என்னைப் பாக்கல.

வெல்டர்: ...

ஃபிட்டர்: டேய். பேசு. டேய் தம்பி...

வெல்டர்: இருக்கேன். நாடா அறுந்துடுச்சு. கால் முதல்ல வெச்சு வரேன்.

ஃபிட்டர்: கூட்டைப் பிடிச்சுக்கோ. பிளேடைப் பிடிக்காதே.

வெல்டர்: தொடக்கூட மாட்டேன். ...இடுப்பு வரைக்கும் வந்துட்டேன்.

ஃபிட்டர்: தலை?

வெல்டர்: வெளிய. கையும் வெளிய. கதவை விட்டுத் தள்ளி நின்னுட்டேன். விடுங்க.

ஃபிட்டர்: நிஜமா தள்ளி நிக்கறியா?

வெல்டர்: நிக்கறேன். நீங்களும் விட்டுட்டு ஒதுங்கிடுங்க. போதும்.

ஃபிட்டர்: ...ஐயோ... அம்மா...

வெல்டர்: அடிபட்டுச்சா?

ஃபிட்டர்: இல்ல. தோள்தான்... மரத்துப் போச்சு. பாரு, எப்படிச் சுத்துதுன்னு.

வெல்டர்: பாத்துட்டுதான் இருக்கேன். என் ஏப்ரனைச் சுருட்டி உள்ள இழுத்துட்டுப் போயிடுச்சு.

ஃபிட்டர்: அந்த ஏப்ரனுக்குள்ள நீ இருந்திருப்ப.

வெல்டர்: ஆமா.

ஃபிட்டர்: சூப்பர்வைசர் வரல. ஸ்பேனரும் விழல. சங்கிலிக் கொக்கி வாயைப் பிளந்துடுச்சு. கையில கிடைச்ச பைப்பைப் புல்லியில சொருகித் தோள் கொடுத்து நின்னேன். உன்கிட்ட சொன்னா நீ பயந்து உதறுவ, எக்குத்தப்பா மாட்டிக்குவன்னு சொல்லல.

வெல்டர்: ம்.

ஃபிட்டர்: இனிமே இன்னொரு ஆள் வராம அந்தக் கதவைத் திறக்கவே மாட்டேன்.

வெல்டர்: நானும் உள்ள போக மாட்டேன்.

ஃபிட்டர்: ...ஆமா, விடுங்கன்னியே. நீ கதவுப் பக்கம், நான் இந்தப் பக்கம். நான் எதையோ பிடிச்சுட்டு நிக்கறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?

வெல்டர்: சத்தம் கேட்டதுமே பிளேடு வந்து ஏப்ரனோட சேத்து என் நெஞ்சை அமுக்கிடுச்சு. அப்புறம் ஒரு நூல்கூட நகரல. அந்தப் பக்கம் நீங்கதான் பிடிச்சுட்டு நிக்கறீங்கன்னு தெரிஞ்சு போச்சு. ஒரு தடவை கத்தியிருந்தேன்னா, அதை விட்டுட்டு என்னைப் பாக்க ஓடி வந்திருப்பீங்க, மச்சான்.