நிறம், மணம், ருசி

தயிர் என்றால் எனக்கு உயிர், டொக்டர். செல்லத்தங்கம் காரைதீவிலிருந்து கொண்டுவரும் எருமைத் தயிரைப் போல இந்தக் கரையில் வேறு கிடையாது. அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

நிந்தவூரில் கொலரா எப்படிப் பரவியது என்றுதானே கேட்கிறீர்கள்? இங்கே சுகாதாரப் பரிசோதகர் நான்தான். நோய் கண்ட வீடுகளுக்கெல்லாம் போனேன். என்ன தின்றீர்கள், எங்கே குடித்தீர்கள் என்று விசாரித்தேன். எல்லாரும் என் தங்கை ஜெமீலா வீட்டுக்கு டெலிவிஷன் பார்க்கப் போனவர்கள். தாகத்துக்கு அவள் கிணற்றில் அள்ளிக் குடித்தவர்கள். கிணற்றை ஒட்டிக் கக்கூசுக் குழி. அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்தவனும் நான்தான்.

அவள் மகள் சரீபாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு அது. அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கலியாணம். ஜெமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கிணத்த மூடினா மாப்பிள்ள ஊட்டார் திரும்பிப் போயிருவாங்க காக்கா. என்ட புள்ளைய வேற ஆரு எடுப்பாங்க?"

நான் மனச்சாட்சி இல்லாதவனல்ல. ஒரு வாளி அள்ளிப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. மணமில்லை. ருசியை ஜெமீலா பார்த்துச் சொன்னாள். இந்த மூன்றும் மாறாத கிணற்றுத் தண்ணீரில் தொழுகைக்கு முகம் கைகால் கழுவி வுழுச் செய்யலாம் என்று ஓதப் போன நாளிலேயே படித்திருக்கிறேன். தொழுகைக்கு ஆகிற தண்ணீர் குடிக்க ஆகாதா?

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஏதாவது சொல்லியாக வேண்டும். தயிர் என்றேன். பொடியன்மார் செல்லத்தங்கத்தின் சட்டிகளை நடுறோட்டில் போட்டு உடைத்தார்கள்.

அவள் என் கந்தோருக்கு அழுதுகொண்டு வந்தாள். "ஐயா, என்ட புள்ளையளும் இதத்தானே தின்னுதுகள். அதுகளுக்கு ஒண்டுமில்லையே."

"ஓம் தங்கச்சி, பார்ப்போம்" என்றேன். நியாயமான கேள்விதான்.

கலியாணத்தன்று அந்தத் தண்ணீரில்தான் சர்பத் கரைத்தார்கள். நல்ல வெயில், வந்தவர்கள் கேட்டுக் கேட்டுக் குடித்தார்கள். சரீபாவுக்கு ஜெமீலாவே பருக்கினாள். மருதோன்றிச் சிவப்பு மங்குமுன் பிள்ளையை அடக்கினோம். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஜெமீலா இன்னும் தயிரைத்தான் சபிக்கிறாள்.

குற்றம் என்னுடையதுதான், எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்து செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தண்ணீர் சுத்தம் என்றே மனதார நம்பினேன்.

அன்று எனக்கும் ஒரு கிளாஸ் சர்பத் நீட்டினார்கள். நான் சோடா கேட்டு வாங்கிக் குடித்தேன்.