லேசான ரெண்டு எழுத்து

அது படுக்கை இல்லம்மா, அழிச்சிருங்க. நாலு கட்டம் சரிதான், ஆனா கடைசிக் கட்டத்துல மேலருந்து வர்ற ணை நிக்குது பாருங்க. தலையணை. அதேதான். ஐயோ, பஸ்ல பக்கத்துல உக்காந்துக்கிட்டு உங்க குறுக்கெழுத்த எட்டிப் பாக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க, எழுத்தைக் கண்டா கண்ணு தானா போயிருது.

டீச்சரா? நானா? நல்லா கேட்டீங்க போங்க. பத்தாவதே தாண்டல. சட்டைக் கம்பெனில காஜா மெஷின் ஓட்டுறேன். காஜான்னா இந்தா, இதான், பொத்தான் மாட்டுற ஓட்டை. இருபத்திரண்டு வருஷமா அதே ஓட்டை. கை அது பாட்டுக்குப் போகும், மண்டை சும்மாதானே கெடக்கு? அதுல வார்த்தை தேடிக்கிட்டு இருப்பேன்.

இந்தப் பேப்பர்ல வர்ற மாதிரி இல்லம்மா. இது எனக்கும் என் தங்கச்சிக்கும் சின்ன வயசுலருந்து உள்ள ஆட்டம். ஒருத்தி ரெண்டு எழுத்து குடுக்கணும், இன்னொருத்தி அது ரெண்டும் வர்ற வார்த்தையா சொல்லணும். ஒருதரம் சொன்னது மறுபடி செல்லாது. நோட்டுல எழுதி வச்சிருப்பா, ஏமாத்த முடியாது. ஒருதரம் ழ, ங் குடுத்தா. கிழங்கு, முழங்கால், முழங்கை எல்லாம் எப்பவோ தீந்துபோச்சு. ரெண்டு நாள் மண்டையை ஒடச்சேன். மூணாம் நாள் மெஷின்ல உக்காந்திருக்கேன், பழங்கதைன்னு வந்து விழுந்துச்சு பாருங்க, அந்தச் சந்தோஷத்துல காலர்ல போய் ஓட்டையப் போட்டுட்டேன். சூப்பர்வைசர் கிழிகிழின்னு கிழிச்சாரு.

இப்ப அவ வீட்டுக்குத்தாம்மா போறேன். பதினோரு வருஷம் ஆச்சு அந்த வாசப்படிய மிதிச்சு. பயந்தா எனக்கு வாய் நிக்காது, அதான் உங்க காதைத் தின்னுக்கிட்டு வர்றேன்.

சண்டைதான். அப்பாவ முதியோர் இல்லத்துல கொண்டு போய் விட்டுட்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. ஏழே மாசம், அங்கயே போயிட்டாரு. அத்தனை பேர் முன்னாடி சொன்னேன், இனி செத்தாலும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு. இப்ப யோசிச்சா... நான் மட்டும் என்ன, அப்பாவக் கூட வச்சுப் பாத்துக்கிட்டேனா? ஓவர்டைம் இருக்கு, ஓவர்டைம் இருக்குன்னு எத்தனை தடவை தட்டிக் கழிச்சேன். அவளும் எத்தனை நாள்தான் ஒண்டியா தூக்கி உக்கார வைப்பா? அது அப்பவே தெரியும்மா எனக்கு. தெரிஞ்சதாலதான் அவ்வளவு கத்துனேன்.

ஒரு மாசம் கழிச்சு போன்ல ஒரு மெசேஜ். ரெண்டு எழுத்து. வேற ஒண்ணுமில்ல. நானும் வார்த்தைய அனுப்புனேன், கூடவே ரெண்டு எழுத்து. அப்படியே பதினோரு வருஷம் ஓடிப்போச்சு. நல்லா இருக்கியான்னு அவளும் கேக்கல, நானும் கேக்கல. அவ மகளுக்குக் கல்யாணம் ஆனது ஊரார் சொல்லித்தான் தெரியும். ஆனா காலையில அவ எழுத்து வரலேன்னா எனக்கு டீ எறங்காது. வீம்புக்கு ஏத்த அக்கா தங்கச்சி. யாரு மொதல்ல எறங்குறதுன்னு பாத்துக்கிட்டே இருந்துட்டோம்.

இந்த ஒரு மாசமா என்ன ஆச்சுன்னா, ஒண்ணுத்துக்கும் ஆகாத எழுத்தா வருது. ப, ட. ப, ழ. ஏம்மா, ஒண்ணாங்கிளாஸ் புள்ள சொல்லுமே! கேவலம்னு இத்தனை வருஷமா நாங்க தொடாத எழுத்து. எனக்கு வந்துச்சே கோவம். என்னைய என்ன மக்குன்னு நெனச்சுட்டாளா, இல்ல ஆட்டம் சலிச்சுப்போய் ஏதோ தொலையட்டும்னு போடுறாளான்னு. போன வாரம் ம, ர. மரம்னு போட்டா முடிஞ்சுது! அதுக்காக நான் மரம்னு போடுவேனா? டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள மரவட்டை கெடச்சிருச்சு. அனுப்பல. ரெண்டு நாள் காயட்டும், அக்கான்னா ஒரு மரியாதை வேணாமான்னு வச்சுக்கிட்டேன். ரெண்டு நாள் நாலாச்சு. நாலு ஆறாச்சு. போனை எடுத்து எடுத்துப் பாப்பேன், ஏன் போடலேன்னு கேப்பாளான்னு. கேக்கவே இல்ல. கேட்டிருந்தா அந்த நிமிஷமே அனுப்பிருப்பேன். சத்தியமா.

இல்லம்மா, அவ கூப்பிடல. அவ வீட்டுக்காரர்தான் விடியக்காலைல கூப்பிட்டாரு. நாலு மாசமா படுத்த படுக்கையாம். என்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. கடைசி ஒரு மாசம் போனைக் கையில பிடிக்கக்கூட முடியலயாம், அவ சொல்லச் சொல்ல இவரு அடிச்சு அனுப்பியிருக்காரு. ஏன் இவ்வளவு லேசா குடுக்குறேன்னு இவருக்கே கேக்கத் தோணியிருக்கு. கஷ்டமா குடுத்தா அக்கா உக்காந்து யோசிப்பா, மூணு நாளாக்கிருவா, எனக்கு அவ்வளவு நாள் இல்ல, லேசா குடுத்தா உடனே போட்டுருவான்னாளாம்.

அந்த ஆறு நாளும் கண்ணு முழிக்கிறப்பல்லாம் ஒரே கேள்விதானாம், அக்கா போட்டாச்சான்னு. இவரு இன்னும் இல்லம்பாராம். வேலை இருக்கும் பாவம், இனிமே போடுவான்னுட்டு மறுபடி கண்ண மூடிக்குவாளாம்.

அழலம்மா. தண்ணி வேணாம், வச்சுக்குங்க.

இன்னும் ரெண்டு ஸ்டாப்பா? சரி. நாலு மணிக்கு எடுத்துருவாங்களாம். அக்கா மொகத்தப் பாக்காம எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு அந்த மனுஷன். காலைல அவரு போனை வச்சதும் என்ன பண்றதுன்னே தெரியலம்மா எனக்கு. மரவட்டைன்னு அடிச்சு அனுப்பிட்டேன். அவ தலமாட்டுல போன் சத்தம் குடுத்திருக்கும்.