அட்டையில் எட்டாவது படி

அரக்கையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணை உறுத்தும் என்கிறவருக்குச் சேலை எடுக்கத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் ஏட்டு அப்படித்தான் சொன்னார். அவர் வீட்டு அம்மாவை நினைத்தால் பாவமாக இருக்கிறது. இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேஜையில் நனைந்து காய்ந்து கிடக்கும் அந்தப் புத்தக அட்டை என் கைவேலை. நான் மயில்வாகனம். முன்பு பட்டுச் சேலைக்குக் கட்டம் போட்ட தாளில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவன்.

செத்துப்போன வேலாயுதத்தை ஊரே எழுத்தாளர் என்கிறது. 'ஏழு கோட்டை நாடு' என்று ஒன்பது புத்தகம். அதில் கதைகூடக் கிடையாது. இல்லாத நாட்டின் கோட்டை, காடு, மந்திரவாதி பற்றிய விவரம், நடுவில் மடித்துவைத்த ஒரு தேசப்படம். வாங்குகிறவர்கள் படத்தை விரித்து, சோழி உருட்டி, நான்தான் படைத்தலைவன் என்று அவரவர் கதையை ஆடிக்கொள்ள வேண்டும். அறுபத்தெட்டிலிருந்து நாலு வருஷமாகத் தறிக்காரத் தெருவில் இதே பேச்சு. நல்ல தமாஷ்.

பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கும் நூறு புத்தகத்தில் இது மட்டும் ஏன் தெரிகிறது? அரக்கு உடல், பச்சைக் கரை, கரை நெடுகக் கோபுர வரிசை. ஒன்பதுக்கும் அதே அடையாளம். நான் போட்டது. அந்த நாடும் என்னுடையதுதான். முதலில் நான் அட்டை வரைவேன். எந்த இடத்தைப் பார்த்து வரைந்தேன் என்று கேட்டு வேலாயுதம் அங்கேயே வருவார். அட்டையில் வீரன் நிற்கிற இடத்தில் தானும் நின்று, கண்டதைக் கிறுக்கிக்கொண்டு போவார். சொந்தமாக ஒரு செங்கல்லை யோசிக்கத் துப்பில்லை. நானும் ஒரு செங்கல் கூட்டி வரைந்ததில்லை.

பத்தாவது புத்தகத்திலாவது என் பெயரைப் போடச் சொன்னேன்.

"உன் பேரு எதுக்குபா? நாடு என்னுது. நீ கலர் பூசிக்கினு இருக்கற ஆளு. அட்டைய எவன் பாக்கறான்?" என்று வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

வயிறு எரிந்தது, மறைக்கவில்லை. ஆனால் சண்டை போடவில்லை. வேலையைப் பார்த்தேன்.

செவிலிமேட்டுக்கு அப்பால் பாலாற்றோரம் ஒரு பாழுங்கிணறு. படி ஏழு. ஏழாவதை ஒட்டிப் பாசித்தண்ணீர். அதற்குக் கீழே படி இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தேன், மூன்று ஆள் ஆழம். அட்டையில் எட்டுப் படி வரைந்தேன். எட்டாவதில், கணுக்கால் தண்ணீரில், வாளோடு வீரன். அந்தப் பாசியின் பச்சைக்கே இரண்டு நாள் பிடித்தது.

வேலாயுதத்துக்கு நீச்சல் தெரியாது. கோயில் குளத்திலேயே சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்கிற ஆள். நேற்றுக் காலை, நான் மேட்டில் நிற்க, அட்டையும் கையுமாக, வாய்விட்டு எண்ணிக்கொண்டே இறங்கினார். அட்டையை எவன் பார்க்கிறான் என்ற மனுஷன்.

"மயிலு, கையக் குடுபா" என்று இரண்டு தடவை கேட்டது. அட்டை மிதந்து வந்தது. வர்ணம் கரைந்துவிடுமே என்று முதலில் அதை எடுத்து மேட்டில் காயவைத்தேன். திரும்பிப் பார்த்தால் கூப்பிட ஆள் இல்லை.

கால் தவறி விழுந்தார் என்று எழுதியிருக்கிறீர்களாம். கால் தவறவே இல்லை. சரியாக எட்டாவது படியில்தான் வைத்தார். அந்தப் படி என் அட்டையில் மட்டும் இருக்கிறது. கொன்றவன் நான். பெயருக்கு ஆசைப்பட்டு வந்தேன் என்று நினைக்காதீர்கள், அந்த அற்பப் புத்தி வேலாயுதத்தோடு போயிற்று. தாளை இப்படிக் கொடுங்கள். பெயரை நானே எழுதுகிறேன். கீழ் மூலையில் வேண்டாம் சார். மேலே, நடுவில், கொஞ்சம் பெரிதாக.