மலைமேல இருக்கறவர் பேரு

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு இளம்பெண். மடியில் சீருடை போட்ட மகன். பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இந்த வாரந்தான் பள்ளிக்கூடத்துல சேத்தோமுங்க. தெனமும் நாந்தான் கொண்டுபோய் உடறனுங்க. ஆனா வாரம் பூரா வரலைன்னு போட்டிருக்காங்க. இன்னிக்கு வந்து பாக்கச் சொன்னாங்க."

"ஏன் அம்மிணி, பேர் கூப்புட்டா இவன் எந்திரிக்கறதில்லையா?"

"பேரே இவனுக்குத் தெரியாதுங்க. செத்துப்போன எங்க மாமனார் பேரை வெச்சுட்டாங்க. மாமியாரும் நானும் அதைச் சொல்லலாமுங்களா? ஊட்டுல எல்லாருக்கும் இவன் சாமிதான்."

"உங்க ஊட்டுக்காரரு?"

"பெத்த அப்பன் பேரைச் சொல்லி அதட்டறதான்னு அவரும் சாமிங்கறாருங்க."

"அப்படி என்ன பேரு?"

அவள் ஜன்னல் வழியே பின்னால் தெரிந்த மலையைக் காட்டினாள். "அந்த மலைமேல இருக்கறவர் பேருங்க. பாதி ஆம்பள, பாதி பொம்பள."

"அர்த்தநாரியா?"

பையன் சட்டென்று நிமிர்ந்தான்.

"அவன் எங்க கிளாஸ்தாங்க. டீச்சர் தெனமும் கூப்புடறாங்க. வரவே மாட்டேங்கறான்."

பக்கத்து அம்மாள் சிரித்துவிட்டாள். அம்மாக்காரி சிரிக்கவில்லை. அவன் தலையைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அது நீதான் சாமி," என்றாள்.