வம்சத்துக் கண்

— குழந்தையைக் குடும்மா மருமகளே. இப்பவே வீட்டுக்குக் கிளம்பலாம்.

— முடியாது மாமா. நர்ஸ் கூப்பிட்டதும் உள்ள கூட்டிட்டுப் போறோம். நீங்க வேணா அந்த பெஞ்சுல உக்காருங்க.

— என்னத்த உக்கார்றது? என் பேத்தி கண்ணுல கத்தி வைக்கப் போற, என்னை உக்காரச் சொல்ற!

— கண்ணுல இல்ல, இமையில. தூக்குற தசைக்குப் பிறவியிலேயே தெம்பு இல்லையாம். அதைச் சுருக்கித் தச்சு இமையைத் தூக்கி விடுவாங்க.

— இமை கொஞ்சம் தொங்கினா குடியா முழுகிப்போச்சு? எங்கப்பாவுக்கு அப்படித்தான், என் பையனுக்கும் அப்படித்தான். எங்க வம்சத்துக் கண்ணும்மா அது! தெருவுல எத்தனை பிள்ளைங்க ஓடினாலும் இது நம்ம வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிடுவாங்க.

— மூக்கைப் பாத்துச் சொல்லட்டும். அதுவும் உங்க மூக்குதான்.

— வாய், வாய்!

— டாக்டர் இவளோட நல்ல கண்ணைக் கையால மூடினாங்க மாமா. தட்டிவிட்டு வீல்னு கத்தினா. இந்தக் கண்ணை மூடினாங்க. அவ பாட்டுக்குப் பொம்மையை உருட்டிட்டு இருந்தா. கண்ணு பாக்கப் பழகுற வயசு இது. இப்ப விட்டா அப்புறம் இமையைத் தூக்கினாலும் பார்வை வராதாம்.

— அவங்களுக்கென்ன, சொல்வாங்க! நான் கேக்குறேன், இதோ நிக்கிறானே என் பையன், இவன் என்ன குருடனா? வாட்ச் கடையில கடுகைவிடச் சின்னத் திருகாணியெல்லாம் கழட்டி மாட்டுறான். டேய், மரம் மாதிரி நிக்காம உன் பொண்டாட்டிக்கு எடுத்துச் சொல்லுடா!

— அவர் சொன்னாலும் கேக்க மாட்டேன். பெத்தவ நான். திமிர் பிடிச்சவன்னு சொல்லுங்க, வீட்டுப் படி ஏறாதேன்னு சொல்லுங்க, எதுவானாலும் சரி. இவளை உள்ள அனுப்பிட்டுத்தான் எனக்கு மறுவேலை.

— பாத்தியாடா இவ பேசுறதை? ஏண்டா தலையைத் திருப்பித் திருப்பிப் பாக்குற?

— நீங்க அந்தப் பக்கம் நின்னா வேற எப்படிப்பா பாக்குறது?

— என்னடா சொல்ற?

— வாட்ச் வேலையில லென்ஸை ஒரு கண்ணுலதான் மாட்டணும். அதனாலதான் அந்த வேலைக்கே போனேன். வம்சத்துக் கண்ணுன்னு நீங்க கொண்டாடுறீங்களே, அந்தக் கண்ணுல உங்க முகத்தை ஒரு நாள்கூட நான் பாத்ததில்லப்பா. வழி விடுங்க. என் பொண்ணாவது ரெண்டு கண்ணாலயும் உங்களைப் பாக்கட்டும்.