வெண்பாவில் கை வைத்தவர்கள்

நினைவுக் குழுத் தலைவர் ராஜசேகர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பிரமுகர்களே! வேலைக்குப் போகாமல் வண்டன்மேட்டு ஏலக்காடுகளிலிருந்து வந்து நிற்கும் பெருமக்களே!

வெண்பாக் கவிஞர் சுடலைமணி மறைந்து இன்று பதினாறாம் நாள். எனக்கு முன் பேசிய மூவரும் அவரை ‘மரபின் காவலர்’ என்றீர்கள். எந்த மரபு? முப்பது ஆண்டுகள் ஏலக்காட்டில் களையெடுத்தவருக்கு எந்த அரசவையின் மரபு?

கல்லூரியில் யாப்பிலக்கணம் நடத்தியவள் நான். நானே அவரை ஒருமுறை ஏளனமாகக் கேட்டேன்: “புதுக்கவிதை எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா?”

“டீச்சர், எம் பொண்டாட்டி பூமாரி ஏலத்துக்கு மருந்தடிக்கையிலதான் விழுந்தா. நஷ்டஈட்டு மனுவுல ‘மருந்து அடிச்சுச் செத்தவ’ன்னு எழுதிக் குடுத்தேன். ஆபீஸ்ல ‘மருந்து குடிச்சுச் செத்தவ’ன்னு ஆக்கிட்டாவ. வசனத்துல எவன் கை வச்சாலும் தெரியாது. வெண்பாவுல வச்சா நொண்டும்லா!”

பூச்சிக்கொல்லியை ‘மருந்து’ என்றே சொல்லிப் பழகியவர்கள் நாம். அவரும் மனுவில் அப்படியே எழுதினார். அந்தப் பிழைக்காகத் தம்மை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. பிறகுதான் எழுதினார்:

பூச்சி பிழைத்தது, போனாளென் பூமாரி
மூச்சிலே நஞ்சு புகுந்து.

இதோ, திரையிட்டு நிற்கும் நினைவுக்கல்லில் இந்தக் குறள் வெண்பாவைத்தான் பொறித்திருக்கிறீர்கள். காலையில் திரையைத் தூக்கிப் பார்த்தேன். ‘மூச்சிலே மருந்து புகுந்து’! கல்லை நன்கொடையளித்த தோட்ட முதலாளியின் மனம் நோகக் கூடாதாம்!

தலைவரைக் கேட்டேன். “ரெண்டும் ஒண்ணுதான டீச்சர்? ஆருக்குத் தெரியப் போவுது?” என்றார்.

எனக்குத் தெரிகிறது, தலைவரே! ‘மூச்சிலே’ கூவிளச்சீர், அதன்பின் நேரசைதான் வர வேண்டும். ‘மருந்து’ நிரையசையில் தொடங்குகிறது. தளை தட்டுகிறது, வெண்பா நொண்டுகிறது! அன்று அலுவலகத்தில் செய்த திருத்தத்தை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. பூமாரி தற்கொலை செய்துகொண்டவளாகவே ஏட்டில் கிடக்கிறாள். உங்கள் திருத்தமோ ஒரு மூச்சு வாசிப்பில் பிடிபட்டுவிட்டது. சுடலைமணி ஏன் வெண்பா எழுதினார் என்பது இப்போதாவது விளங்குகிறதா? அழகுக்காகவா? பழம்பெருமைக்காகவா? தம் சொல்லை உங்களைப் போன்றவர்களிடமிருந்து காப்பாற்ற!

அவர் பணியைத் தொடர்வோம் என்று மூவரும் சூளுரைத்தீர்கள். நானும் சூளுரைக்கிறேன். திரையை விலக்குபவர் என்று அழைப்பிதழில் என் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். ‘நஞ்சு’ என்று கல்லில் வெட்டப்படும்வரை அந்தக் கயிற்றை நான் தொட மாட்டேன். வேறெவரையும் தொட விடவும் மாட்டேன்.

கல்தச்சர் கடைவீதியில்தான் இருக்கிறார். ஆளனுப்புங்கள். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.