உயர்த்திய பிக்கப்

"அந்த வண்டியில ஏறினா வழியிலேயே பிள்ள பொறந்துடும்லா!"

பினாங்கில், கொம்தார் பஸ் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி தன் கணவரிடம் சொன்னாள். கிளினிக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே மழை விடாமல் பெய்தது.

"உனக்காகத்தானே வண்டிய உயரமா தூக்கினேன்? சுங்கை பினாங்கு ஆத்துல வெள்ளம் வந்தா சின்ன காடியெல்லாம் நின்னுடும். நம்ம பிக்கப் பழசுன்னாலும் ஃபோர்வீல். மூணு இன்ச் ஏத்தியாச்சு, தண்ணியில போகும்."

"போகும். ஸ்டேரிங் ஏன் அப்படி ஆடுது?"

"பின்னால ஸ்பிரிங்குக்கு அடியில பழைய கட்டைய வச்சி ஏத்தினோம். முன்னால வண்டியத் தாங்குற இரும்புக் கம்பியையே முறுக்கி ஏத்திவிட்டோம். சக்கரம் நேரா நிக்கல, இன்னும் கொஞ்சம் சாமான் மாத்தணும்னு மெக்கானிக் சொல்றாரு. அடுத்த சம்பளத்துல பாத்துக்கலாம்."

"அதுக்குள்ள வலி வந்துட்டா?"

அவர் சாலையோரம் ஓடிய தண்ணீரைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனக்கும் அத ஓட்ட பயமாத்தான் இருக்கு."

அவள் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள், "எங்க அக்கா வீடு மேட்டுல இருக்கு. ஆஸ்பத்திரியும் பக்கம். பிள்ள பொறக்குற வரைக்கும் அங்க இருப்போமே," என்றாள்.

"அவங்க அன்னிக்கே கூப்பிட்டாங்க. வண்டி இருக்கு, நானே பாத்துக்கிறேன்னு பெரிசா சொல்லிட்டேன்."

"அதனால என்னங்க?"

அவர் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். பிறகு காதில் வைத்தார்.

"அக்கா... நாங்க இன்னிக்கே வரலாமா?"